காத்திருந்தவர்களின் கணக்கு: பெருந்தொற்றும் திருச்சி வட்டாரத்தின் தள்ளிப்போன அறுவை சிகிச்சைகளும்

2020 மார்ச் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டிலுள்ள மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. உடனடித் தேவை இல்லாத, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைகளை ஒத்திவையுங்கள் என்றது அது. மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, திருச்சிக்காரர்கள் பேச்சில் 'ஜி.எச்.', மாவட்டத்தின் முதன்மைக் கொரோனா சிகிச்சை இடமாக மாறியது. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் கத்தி வைக்கும் சிகிச்சைக்கு மக்கள் வந்து சேரும் இடமும் இதுதான்.

அந்த ஒத்திவைப்பு தேவைப்பட்டது. படுக்கையும் ஆக்சிஜனும் கவச உடையும் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எவருக்கும் தெரியாத நேரம் அது. நிறுத்துவதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்தது. மீண்டும் தொடங்குவதற்கு அது போதாது. யாரை முதலில் கூப்பிடுவது, எங்கே வைத்துச் செய்வது, தொற்று வந்து குணமானவருக்கு எத்தனை நாள் கழித்துச் செய்வது, பேருந்து ஓடாத ஊரிலிருந்து அவர் எப்படி வருவார் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை தேவைப்பட்டது. அந்த விடைகளில் பாதி அறுவை அரங்கத்துக்கு வெளியே இருந்தன. திருச்சி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'கோவிட்சர்ஜ்' ஆய்வுக் கூட்டமைப்பு 2020 மே மாதம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவை சிகிச்சைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்றது அது. இந்தியாவின் பங்கு சுமார் 5.8 லட்சம். நிலைமை சீரான பிறகு வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தாலும், தேங்கியதைத் தீர்க்க 45 வாரம் பிடிக்கும் என்பது அதன் கணக்கு. இவை மாதிரிக் கணிப்புகள். நேரில் எண்ணியவை அல்ல.

நேரில் எண்ணியதும் உண்டு. தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சேர்ந்த 41 இந்திய மருத்துவமனைகள், 2020 மார்ச் முதல் மே வரையிலான தங்கள் பதிவேடுகளை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டன. புதிய நோயாளிகள் 54 சதவீதம் குறைந்திருந்தார்கள். பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம். புற்றுநோய் அந்த மூன்று மாதம் விடுப்பில் போகவில்லை. வராத பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையில் காத்திருப்போர் பட்டியல் மாதந்தோறும் பொதுவில் வெளியாகிறது. பெருந்தொற்றுக்கு முன் ஏறத்தாழ 45 லட்சமாக இருந்த அது, 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. அந்த அரசுக்கு அது தலைகுனிவுதான். ஆனாலும் அந்த எண் ஊரறிய இருந்ததால்தான் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது, பணம் ஒதுக்க முடிந்தது. நம் மாவட்டங்களில் அப்படிப் பொதுவில் வைக்கப்படும் பட்டியல் கிடையாது. 'அடுத்த மாதம் வாங்க' என்று சீட்டின் மூலையில் எழுதித் தரும் தேதியே நம் காத்திருப்போர் பட்டியல். அந்தத் தேதியில் அவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தேடிப்போக ஆளும் இல்லை, ஏடும் இல்லை.

தள்ளிப்போட்டதன் விலை

உயிருக்கு உடனே ஆபத்தில்லாததால் தள்ளிவைக்கப்பட்டவற்றில் முதலிடம் கண்புரைக்கு. வழக்கமான ஆண்டில் இந்தியாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கென்றே வளர்ந்த முறை ஒன்று உண்டு: கிராமத்தில் முகாம், அங்கிருந்து வேனில் ஏற்றித் தலைமை மருத்துவமனைக்கு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதே வேனில் வீட்டுக்கு. சிக்கனமான, வேகமான இந்த முறை நெருக்கமாக உட்கார்வதை நம்பியிருக்கிறது. தொற்றுக் காலத்தில் முதலில் நின்றதும் அதுதான்.

முற்றிய புரை சும்மா இருப்பதில்லை. விழி வில்லை நீர்கோத்துப் பருத்து, முன்னாலிருக்கும் கருவிழிப்படலத்தைத் தள்ளும். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை அடைபடும். கண் அழுத்தம் திடீரென ஏறும். கண் சிவந்து, தலை பிளக்கும் வலியும் வாந்தியும் வரும். வீட்டில் அதைப் பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்து இரண்டு நாள் கடத்துவார்கள். அதற்குள் பார்வை நரம்பு சேதமாகிவிட்டால், பிறகு புரையை எவ்வளவு திறமையாக எடுத்தாலும் போன பார்வை திரும்பாது. அரை மணி நேரச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதற்கு ஒரு கண்ணையே விலையாகக் கொடுக்க நேரும்.

மற்றவையும் இதே வழிதான். குடலிறக்கம் இறுகிக் குடல் சிக்கினால், நாள் குறித்துச் செய்திருக்க வேண்டியது நடுராத்திரி அவசர சிகிச்சையாகும். பித்தப்பைக் கல் நாளத்தில் இறங்கினால் காமாலையும் கணைய அழற்சியும் வரும். அதிக ரத்தப்போக்கால் கர்ப்பப்பை அறுவைக்குக் காத்திருந்த பெண்ணுக்கு மாதந்தோறும் ரத்தசோகை கூடும். கல்லூரிகள் மூடியிருந்ததால் அங்கு நடக்கும் ரத்ததான முகாம்களும் இல்லாமற்போன நேரத்தில், அவருக்கு ஏற்ற ரத்தம் கிடைப்பதும் கடினம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை தள்ளிப்போனவருக்கு வேண்டாத கர்ப்பம். சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கையில் நாளம் இணைக்கும் சிறு அறுவை தள்ளிப்போனால், கழுத்தில் போட்ட தற்காலிகக் குழாயோடு தொற்று அபாயத்தில் மாதங்கள். இவற்றில் எதையும் 'அவசரமில்லாதது' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட முடியாது.

அப்படியே தொடர்ந்திருக்கலாமா?

முடியாது என்பதற்கும் சான்று உண்டு. அறுவைக்குச் சற்று முன்போ பின்போ கொரோனா உறுதியான 1,128 பேரை 24 நாடுகளில் கவனித்த கோவிட்சர்ஜ் ஆய்வு, 2020 மே மாதம் 'லான்செட்' இதழில் வந்தது. அவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல். இவர்களில் பெரும்பாலோர் அவசர அறுவைக்கு வந்தவர்கள்தாம். ஆனாலும் சாதாரண அறுவைக்கு வந்தவர்களிடத்தும் இறப்பு அச்சுறுத்தும் அளவில் இருந்தது.

தொற்று வந்து போனவருக்கு எப்போது செய்வது என்ற கேள்விக்கு 2021 மார்ச்சில் ஒரு விடை கிடைத்தது. 116 நாடுகளில் 1,40,231 நோயாளிகளின் தரவை வைத்துச் செய்த ஆய்வு அது. தொற்றே வராதவர்களிடம் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம். தொற்று கண்டறிந்த இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தவர்களிடம் 4.1; ஐந்து, ஆறாம் வாரங்களில் செய்தவர்களிடம் 3.6. ஏழு வாரம் கடந்தபின் அது மீண்டும் 1.5க்கு இறங்கியது. ஏழு வாரம் கடந்தும் மூச்சிரைப்பு, இருமல் நீங்காதவர்களிடம் மட்டும் 6 சதவீதம். உலகெங்கும் மயக்க மருத்துவர்கள் பின்பற்றிய 'ஏழு வாரம்' என்ற விதி இங்கிருந்து வந்தது.

விதி நிலையானதாகவும் இருக்கவில்லை. தடுப்பூசி பரவி, ஒமிக்ரான் வகை வந்து, நோயின் கடுமை குறைந்த பிறகு, 2023இல் அமெரிக்க மயக்கவியல் அமைப்புகள் இரண்டு வாரம் கட்டாயம் பொறுங்கள், அதற்கும் ஏழு வாரத்துக்கும் இடையில் ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று தளர்த்தின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 ஜனவரியிலேயே, பரிசோதனை முடிவு வரவில்லை என்பதற்காக எந்த அவசர சிகிச்சையையும் தாமதிக்கக் கூடாது, அறிகுறி இல்லாதவருக்கு அறுவைக்கு முன் கட்டாயப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பான தொடக்கம் என்பதற்குள் பழைய எச்சரிக்கையை உரிய நேரத்தில் கைவிடுவதும் அடங்கும்.

அரங்கத்துக்குள் நேரம் எங்கே போனது

தொண்டைக்குள் குழாய் செருகும்போதும் எடுக்கும்போதும் நோயாளியின் மூச்சுத் துளிகள் காற்றில் பரவும். அரங்கத்தின் காற்று மணிக்கு 15 முறை மாறினால், மிதக்கும் நுண்துளிகளில் 99.9 சதவீதம் நீங்க 28 நிமிடம் ஆகும். மணிக்கு 6 முறை மட்டும் மாறினால் 69 நிமிடம். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிவிடுமே தவிர மாற்றாது. பல சிறிய மருத்துவமனைகளின் அரங்குகளில் இருப்பது அதுதான்.

ஒரு மணி நேரம் பிடிக்கும் அறுவை ஐந்தை, ஐந்து மணி நேரத்தில் அடுத்தடுத்துச் செய்யும் ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் குழாய் செருகிய பின் 28 நிமிடம், எடுத்த பின் 28 நிமிடம் எனக் காத்திருந்தால் ஒருவருக்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஐந்து பேருக்குப் பதில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். கவச உடை அணிவதற்கும் கழற்றுவதற்கும் ஆகும் நேரம் தனி. 20 சதவீதம் கூடுதலாகச் செய்தால் 45 வாரம் என்ற மேற்சொன்ன கணிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூடுதலாகச் செய்வது இருக்கட்டும், வழக்கமானதில் பாதியை எட்டுவதே பாடாக இருந்தது.

இதற்குள் ஒரு வழியும் இருந்தது. முழு மயக்கம் கொடுத்தால்தான் குழாய். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தால் குடலிறக்கம், பிரசவ அறுவை, பல கர்ப்பப்பை அறுவைகள், கால் எலும்பு முறிவு எல்லாவற்றையும் குழாய் இல்லாமலே முடிக்கலாம். கண்புரைக்குக் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தோ சொட்டு மருந்தோ போதும். காத்திருந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு மருத்துவக் கல்லூரி அரங்கமே தேவையில்லை. தொற்று நோயாளிகள் வராத ஒரு வட்டார மருத்துவமனை, ஓர் அறுவை மருத்துவர், ஒரு மயக்க மருத்துவர், ஓரிரு செவிலியர் இருந்தால் வேலை நடக்கும்.

இதற்கும் உலகளாவிய சான்று உண்டு. 55 நாடுகளில் 9,171 புற்றுநோய் நோயாளிகளைக் கவனித்ததில், கொரோனா நோயாளிகள் நுழையாத தனி வளாகத்தில் அறுவை செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல் 2.2 சதவீதம், கலந்திருந்த இடங்களில் 4.9 சதவீதம். பாதிக்கும் கீழ். ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என மாவட்டத்தைச் சுற்றி அரசு மருத்துவமனைகள் உள்ளன. இவற்றில் ஒன்றிரண்டைத் தொற்றுக்கு வெளியே வைத்து அறுவைக்கென்றே காப்பது, அடுத்த பெருந்தொற்றுக்கான முதல் ஏற்பாடாக இருக்க வேண்டும்.

காவிரிக் கரையிலிருந்து

குளித்தலையிலிருந்து திருச்சி சுமார் 35 கிலோமீட்டர். மருத்துவம், சந்தை, கல்லூரி எல்லாவற்றுக்கும் அந்த ஊரின் முகம் திருச்சியை நோக்கித்தான். ஆனால் 2020 ஜூன் 1 முதல் பேருந்து இயக்கத்துக்காக மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்தபோது, கரூர் மாவட்டம் கோயம்புத்தூரோடும் சேலத்தோடும் சேர்ந்தது. திருச்சியோ தஞ்சாவூரோடும் புதுக்கோட்டையோடும் சேர்ந்தது. குளித்தலைக்காரர் ஜி.எச்.சுக்கு வர மண்டலம் தாண்ட வேண்டும். அதற்கு இ-பாஸ் என்ற இணையவழிப் பயண அனுமதி வேண்டும். திருமணம், சாவு, மருத்துவம் ஆகியவற்றுக்கு இ-பாஸ் உண்டு. மருத்துவம் என்று காட்ட மருத்துவமனைச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்க மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டும். ஜூலை முதல் பேருந்துகள் மீண்டும் நின்றன. மாவட்டத்துக்குள் செப்டம்பர் 1, மாவட்டங்களுக்கு இடையே செப்டம்பர் 7 என்று பிறகுதான் ஓடத் தொடங்கின. அதுவரை திறந்திருந்த அறுவை அரங்கமும் காரோ வாடகைக் காசோ உள்ளவருக்கு மட்டுமே திறந்திருந்தது.

ஸ்ரீரங்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. தீவிலிருந்து ஜி.எச். இருக்கும் புத்தூர் பக்கந்தான், ஆட்டோவில் வந்துவிடலாம். ஆனால் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் பலர். கண்புரை அறுவை செய்தவர் அன்றே வீடு திரும்பலாம் என்றாலும், கூட ஆள் வேண்டும். வாரக்கணக்கில் சொட்டு மருந்தை வேளைக்கு வேளை விட ஒரு கை வேண்டும். விமானமும் ரயிலும் நின்றபோது அந்தக் கையும் நின்றது. அறுவைக்குத் தேதி கொடுக்கும்போது 'துணைக்கு யார்?' என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளாத பட்டியல், பாதிப் பட்டியல்தான்.

யாருக்கு முதலில்?

வரிசையை ஒழுங்கு செய்ய அறிவார்ந்த முறைகள் வந்தன. சிகாகோ பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் 2020 ஏப்ரலில் 21 கேள்விகள் கொண்ட மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அறுவை எவ்வளவு நேரம் எடுக்கும், குழாய் செருக வேண்டுமா, தள்ளிப்போட்டால் நோய் எவ்வளவு மோசமாகும், நோயாளிக்குச் சர்க்கரையோ நுரையீரல் நோயோ உண்டா என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் கூடக்கூட, இப்போது செய்வது ஆபத்து. இங்கிலாந்து எளிமையாக, நான்கு வாரத்துக்குள், மூன்று மாதத்துக்குள், அதற்கு மேலும் பொறுக்கலாம் என்று அறுவைகளை அடுக்கியது.

இரண்டும் பயன்படும், இரண்டிலும் நம் மாவட்டத்துக்கு வேண்டிய சில கேள்விகள் இல்லை. நோயாளி எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருகிறார்? அவர் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? இதற்கு முன் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டார்? இரண்டு கண்ணிலும் புரையுள்ள விவசாயத் தொழிலாளியும், ஒரு கண்ணில் புரையுள்ள ஓய்வூதியரும் மருத்துவக் கண்ணில் ஒரே வரிசையில் நிற்கலாம். நியாயத்தின் கண்ணில் நிற்க மாட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தின் பழைய மருத்துவமனை

மூடிய மருத்துவமனையைத் திறப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அரங்கநாதர் கோயிலில் 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த, அதாவது சக ஆண்டு 1415ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கருடவாகன பட்டர் என்பவர் கோயிலின் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. அவருடைய முன்னோர் போசளர் காலத்தில் நிறுவிய அந்தச் சாலை, இடையில் வந்த படையெடுப்பில் சிதைந்து போயிருந்தது. அதற்கும் முந்தைய, 1069ஆம் ஆண்டு வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 கட்டில் கொண்ட மருத்துவமனையின் ஆட்களைக் கணக்கிடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், மூலிகை கொண்டுவருவோர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒதுக்கீடு.

அந்தக் கல்வெட்டுக்காரர்கள் கட்டடத்தை மட்டும் பதியவில்லை. ஆளையும் மருந்தையும் பதிந்தார்கள். 2020இல் அறுவை நின்றதற்குப் பூட்டிய கதவு மட்டும் காரணமல்ல. மயக்க மருத்துவர்களும் பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் கொரோனா வார்டுக்குப் போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியை இயக்கத் தெரிந்தவரும், அறுவை மேசையில் மயக்கம் கொடுப்பவரும் ஒரே ஆள். அவர் திரும்பாமல் அரங்கம் திறக்காது.

இரண்டாம் அலை சொன்ன பாடம்

பாதி மீண்டிருந்த வேளையில் இரண்டாம் அலை வந்து, 2021 மே மாதம் உச்சத்தை எட்டியது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் வார்டுகளுக்கே போதவில்லை. அறுவை மீண்டும் நின்றது. அதோடு கரும்பூஞ்சை வந்தது. மே 20 அன்று தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. சர்க்கரை கட்டுப்படாத, ஸ்டீராய்டு எடுத்த நோயாளிகளின் மூக்கையும் முகக் குழிகளையும் அரித்துக் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் பூஞ்சை அது. அழுகிய பகுதியை அறுத்து எடுக்காமல் மருந்து மட்டும் போதாது. இவர்களெல்லாம் கொரோனாவிலிருந்து எழுந்து சில நாளே ஆனவர்கள். ஏழு வாரம் பொறுத்தால் உயிர் இருக்காது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பொறுக்கவில்லை. விதியைத் தெரிந்திருப்பதும் எப்போது மீற வேண்டும் என்று தெரிந்திருப்பதும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

செய்ய வேண்டியது

முதலாவது, பட்டியல். அறுவை வேண்டும் என்று மருத்துவர் எழுதிய நாளிலேயே நோயாளியின் பெயர் மாவட்ட அளவிலான ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைக்கு முன் அனுமதி வாங்குகிறோம். அனுமதி கிடைத்தும் அறுவை நடக்காதவர் யார் என்று அந்தத் தரவிலிருந்தே எடுக்கலாம். பெயரை மறைத்து, எண்ணிக்கையை மட்டும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, தொற்றுக்கு வெளியே காக்கும் அறுவை மருத்துவமனைகளை இப்போதே பெயர் சொல்லிக் குறிப்பது. அவற்றின் காற்றோட்டத்தைச் சரிசெய்வது. மூன்றாவது, ஊரடங்கிலும் அறுவை நோயாளிக்கும் துணையாளுக்கும் வண்டி. நான்காவது, தேடிப்போவது. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பணியாளர், 'ஆபரேஷன் சொன்னாங்களே, செஞ்சாச்சா?' என்ற ஒரு கேள்வியையும் கேட்கலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

இவற்றில் பட்டியலே அடிப்படை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரியாத மாவட்டத்தில் மீண்டும் தொடங்குவது என்றால், கதவைத் தட்டியவருக்கு முதலில் செய்வது என்றுதான் பொருளாகும். தட்டத் தெம்பில்லாதவர்தான் பெரும்பாலும் அதிக நோயோடு இருப்பவர்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. 2020இலோ 2021இலோ தள்ளிவைத்த அறுவைக்கான சீட்டு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பையில் இன்னும் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். அன்றெடுத்த ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் இன்று செல்லாது; புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். இடையில் கொரோனா வந்ததா, மூச்சிரைப்பு இன்னும் இருக்கிறதா என்பதை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலி இல்லை என்பதற்காக இன்னொரு வருடம் தள்ளிப்போட வேண்டாம்.